வெள்ளிக்கிழமை மட்டும் மிதந்த துணி

என்னுடைய பி.எச்டி. நடந்தது லேபில் இல்லை, காலேஜ் பஸ்ஸில். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். ராஜபாளையத்தில் ஏழரைக்கு நான் ஏறுவேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெட்ரோல் பங்க் பக்கத்தில் என் கைடு மேடம் ஏறுவார். அங்கிருந்து கிருஷ்ணன்கோவிலில் எங்கள் கேட் வரைக்கும் இருபது நிமிடம். நான் படித்த ஆராய்ச்சிப் படிப்பு மொத்தமும் அந்த இருபது நிமிடங்களில்தான் இருக்கிறது.

காரணம் எளிது. கேட்டுக்குள் நுழைந்துவிட்டால் மேடம் எனக்குக் கிடைக்கமாட்டார். நாலு வகுப்பு, ரெண்டு லேப், அதற்கு மேல் இன்ஸ்பெக்ஷன் ஃபைல்கள். அவர் ரூமில் ஃபைல்களுக்கு நாற்காலி உண்டு, எனக்குக் கிடையாது.

ஸ்காலர் என்றால் ரெண்டுங்கெட்டான். ஸ்டாஃப் ரூமில் டிபன் பாக்ஸைத் திறந்தால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். கேன்டீனுக்குப் போனால் செகண்ட் இயர் பொடிசுகள் முதலில் "மேம்" என்று எழுந்து நிற்கும், விஷயம் தெரிந்ததும் "அக்கா, அந்த சேரை எடுத்துக்கவா?" என்று கேட்கும். மேடத்திடம் எனக்கு முன்னால் சேர்ந்த இன்னொரு ஸ்காலர் திருப்பூரில் வேலை கிடைத்துப் பாதியில் போய்விட்டாள். ஆக லேபில் நான், தண்ணீர்த் தொட்டி, ஸ்டாப் வாட்ச். ஒரு நாள் முழுக்க என் குரலை நானே கேட்பது துணி மூழ்கும் நேரத்தை எண்ணும்போதுதான். "ஒண்ணு, ரெண்டு, மூணு."

துணி என்றால் காயத்துக்குக் கட்டும் காஸ் துணி. எங்கள் ஊரில் நாலு தெருவுக்கு ஒரு தெருவில் இதுதான் பிழைப்பு. என் ஆராய்ச்சி ரொம்பப் பெரிய ராக்கெட் எல்லாம் கிடையாது. சின்ன யூனிட்டுகளில் நெய்து வெளுத்து வரும் காஸ் துணி தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் உறிஞ்சுகிறது, ஏன் சில நாள் சரக்கு மட்டும் மக்கர் பண்ணுகிறது என்பதுதான். துணியை ஒரே எடையில் மடித்துத் தண்ணீரில் போட வேண்டும். பத்து விநாடிக்குள் மூழ்கினால் நல்ல துணி. மிதந்தால் ரத்தத்தையும் அது உறிஞ்சாது.

முதல் நாள் பஸ்ஸில் ஏறியபோதே டிரைவர் அண்ணன் சட்டத்தைச் சொல்லிவிட்டார்.

"ஏ தாயி, அந்தம்மாகிட்டதான் ஆராய்ச்சி பண்ணுதியா? அப்பம் ஜன்னலோரம் பைய வச்சு நீதான் சீட்டுப் போடணும். இதுக்கு முன்ன இருந்த பிள்ளையும் அப்படித்தான் போடும்."

எனக்குக் கோபம் வந்தது. எம்.டெக். முடித்தவள் சீட்டுப் போடவா வந்தேன்? ஆனாலும் பையை வைத்தேன். மேடம் ஏறினார், பையை எடுத்து என் மடியில் வைத்தார், உட்கார்ந்தார், கையை நீட்டினார். "கொண்டா, பாப்போம்."

சாம்பிள் கவரைக் கொடுத்தேன். கைப்பையிலிருந்து இழை எண்ணும் மடக்குப் பூதக்கண்ணாடி ஒன்றை எடுத்தார். பித்தளைச் சட்டம் போட்டது, விரித்தால் துணியின் மேல் நிற்கும். துணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இழைகளை எண்ண ஆரம்பித்தார். பஸ் அந்தக் குலுங்கு குலுங்குகிறது, மனுஷி ஒரு இழையை விடவில்லை.

"நெய்யுறவன் ஏமாத்திருக்கான். ரெண்டு இழை கம்மி. நேத்து நைட்டு என்ன படிச்ச?"

"படிக்கலை மேம். தூங்கிட்டேன்."

"பரவால்ல. பொய் சொல்லத் தெரியல ஒனக்கு. அதுக்காகவே வச்சுக்கிடலாம்."

அன்றைக்குப் பிறகு சீட்டுப் போடுவது எனக்கு வேலையாகத் தெரியவில்லை. யாராவது அந்த இடத்தில் உட்கார வந்தால் சண்டைக்கே போவேன். ஒருமுறை மெக்கானிக்கல் சார் ஒருவர், "சீட்டுக்குப் பட்டா வாங்கியிருக்கீங்களோ?" என்று கேட்டார். "ஆமா சார், மேடம் பேர்லதான் சார்" என்றேன்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. மேடம் சிரிப்பார், திட்டுவார். நான் எழுதிக்கொண்டு போன பக்கத்தில் மடியிலேயே வைத்து அடித்துத் திருத்துவார். ஒரு நாளும் என் வீட்டைப் பற்றிக் கேட்டதில்லை, அவர் வீட்டைப் பற்றிச் சொன்னதும் இல்லை. எல்லாம் இழை, தண்ணீர், விநாடி. ஆனாலும் என்னிடம் அவ்வளவு நேரம் பேசிய வேறு ஆள் அந்த நாட்களில் கிடையாது. அம்மா மில்லுக்குப் போய்வந்து தூங்கிவிடுவாள். கூடப் படித்தவர்கள் சென்னை, பெங்களூரு. ஃபோன் பண்ணினால் "செத்த நேரம் கழிச்சு கூப்பிடுதேன்" என்பார்கள். அந்தச் செத்த நேரம் மாதக் கணக்கில் நீளும்.

மூன்றாம் வருஷம்தான் வெள்ளிக்கிழமைப் பிரச்சினை வந்தது. வாரத்தில் மற்ற நாட்கள் எல்லாம் துணி ஒழுங்காக மூழ்கும். வெள்ளிக்கிழமை கொண்டுபோகும் துணி மட்டும் வாத்துக் குஞ்சு மாதிரி மிதக்கும். அரை நிமிடம், சில சமயம் அதற்கு மேலும். ஒரே யூனிட், ஒரே சரக்கு. யூனிட்டுக்காரரைக் கேட்டால், "நாங்க வெள்ளிக்கிழமைக்குன்னு தனியாவாம்மா வெளுக்கோம்?" என்றார்.

மேடமும் மண்டையை உடைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை என்றால் அவர் தலைக்குக் குளித்து, எண்ணெய் வைத்து, இறுக்கப் பின்னி, மல்லிகைப்பூ வைத்து வருவார். யோசிக்கும்போது பின்னல் நுனியைப் பிடித்துத் திருகுவது அவர் பழக்கம். திருகுவார், பிறகு துணியைத் தொடுவார். ஒரு வெள்ளிக்கிழமை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது எனக்குப் பொறி தட்டியது. எண்ணெய்! எண்ணெய் பட்ட பஞ்சு மூழ்குமா?

உடனே மேடத்திடம் சொல்லியிருக்கலாம். பக்கத்து சீட்டுதான். "மேம், கை" என்று ஒரு வார்த்தை. கையுறை போட்டுச் சோதித்தும் பார்த்திருக்கலாம். ஆனால் லேப் கையுறைகள் இன்ஸ்பெக்ஷனில் காட்டுவதற்காக பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன, சாவி ஆபீசில். நான் அன்றைக்குச் செய்த ஒரே ஆராய்ச்சி, சென்னைத் தோழிக்கு ஃபோன் போட்டதுதான்.

"ஏட்டி, உங்க மேடம் தலையில எண்ணெய்க் கெணறே இருக்கும் போலயே! ஓ.என்.ஜி.சி.க்கு எழுதிப் போடு" என்றாள். அவள் நாலு நிமிடம் சிரித்தாள். அவளை நாலு நிமிடம் லைனில் பிடித்து வைத்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த வாரம் டி.சி. மீட்டிங். டாக்டரல் கமிட்டி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியூரிலிருந்து ஒரு சார், பக்கத்து டிபார்ட்மென்ட்டிலிருந்து ஒரு சார், நடுவில் மேடம். அவர்கள் முன்னால் ஸ்காலர் தன் வேலையைக் காட்ட வேண்டும். சாப்பாடு, சால்வை, கையில் கொடுத்துவிட பால்கோவா எல்லாம் ஸ்காலர் பொறுப்பு. மேடம் முதல் வருஷமே எனக்கு ஒரு மந்திரம் சொல்லிக் கொடுத்திருந்தார். "என்ன கேட்டாலும் 'செக் பண்ணிட்டுச் சொல்லுதேன் சார்'னு சொல்லு. அங்க போய் அறிவாளியா இருக்காத. அறிவாளியா இருக்கதுக்கு அவிய வந்திருக்காக."

வெளியூர் சார் என் கிராஃபில் விரலை வைத்தார். "என்னம்மா இது, வெள்ளிக்கிழமை மட்டும் எகிறுது? உங்க ஊர்ல துணியும் விரதம் இருக்குமா?"

பக்கத்து டிபார்ட்மென்ட் சார் சிரித்தார். மேடம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்குத் தெரியும். மந்திரத்தைச் சொல்.

நான் சொன்னேன், "அது மேம் தலையெண்ணெய் சார்."

ரூம் குலுங்கியது. வெளியூர் சாருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "அப்ப அடுத்த தடவை பால்கோவா வேண்டாம்மா, மேடத்துக்கு ஒரு ஷாம்பு பாட்டில் வாங்கிக் குடுத்துட்டு ரிப்பீட் பண்ணு" என்றார். காபி கொண்டுவந்த அட்டெண்டர் அண்ணன்கூட வாயைப் பொத்திக்கொண்டார். நானும் சிரித்தேன். நாலு பேரை ஒரே நேரத்தில் சிரிக்க வைத்த போதை அது. மேடமும் சிரிப்பது போல வாயை வைத்திருந்தார். கை மட்டும் பின்னலுக்குப் போகப் பார்த்து, பாதியில் நின்று, மேஜைமேல் இறங்கி மினிட்ஸ் பேப்பரை நேராக்கியது.

திங்கட்கிழமை. ஜன்னலோரம் பையை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பெட்ரோல் பங்க் ஸ்டாப்பில் மேடம் ஏறினார். நன்றாக ஷாம்பு போட்டுக் குளித்து வறண்ட முடி காற்றில் பறந்துகொண்டிருந்தது. அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. வயது கூடித் தெரிந்தார்.

"மேம்" என்று பையை எடுத்தேன்.

என்னைத் தாண்டிப் போய், மூன்றாவது வரிசையில் ஆபீஸ் கிளார்க் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தார்.

டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "என்ன தாயி, பட்டா மாறிருச்சா?" என்றார். பையை மறுபடி ஜன்னலோரமே வைத்தேன்.

மத்தியானம் அட்டெண்டர் அண்ணன் லேபுக்கு வந்து ஒரு கவரை வைத்தார். "மேடம் குடுத்துவிட்டாக." உள்ளே அந்த மடக்குக் கண்ணாடி. துண்டுச் சீட்டுகூட இல்லை. இனிமேல் இழையை நீயே எண்ணிக்கொள். வேறு என்ன அர்த்தம் இருக்க முடியும்?

வாட்ஸ்அப்பில் ஸாரி என்று பெரிய கட்டுரையே எழுதினேன். ரெண்டு நீல டிக். ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: "நோட்டட்."

அதன் பிறகு எல்லாமே மெயில். அத்தியாயம் அனுப்பினால் இரண்டு நாளில் திருத்தம் வரும். ஒரு குறை சொல்ல முடியாது. கையெழுத்துக் கேட்டால் அன்றைக்கே போட்டு அட்டெண்டரிடம் கொடுத்துவிடுவார். என்னைப் பழிவாங்கினார் என்று எவனாவது சொன்னால் அவனிடம் நான் சண்டைக்குப் போவேன். ஒரு கைடு செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்தார். என்னோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். அது எந்த விதிமுறைப் புத்தகத்திலும் இல்லாத விஷயம், யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

நான் மட்டும் பையை வைப்பதை நிறுத்தவில்லை. காலி சீட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியை விரித்து இழையை எண்ணப் பார்ப்பேன். குலுக்கலில் பத்துக்கு மேல் தாண்டாது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன்.

அந்த வெள்ளிக்கிழமையும் துணி மிதந்தது.

முதல் தடவை மேடம் தொட்ட பழைய சாம்பிளாக இருக்கும் என்று விட்டேன். அடுத்த வெள்ளியும் மிதந்தது. மேடம் விரலே படாத துணி. மூன்றாவது வெள்ளிக்கிழமை காலையில், வீட்டில்தான் விஷயம் பிடிபட்டது.

அம்மாவுக்கு மில்லில் வெள்ளிக்கிழமைதான் வார லீவு. மற்ற நாளெல்லாம் விடியும் முன்னே ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவாள். நான் எண்ணெய் வைக்காமல் சீப்பை ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு ஓடுவேன். வெள்ளிக்கிழமை மட்டும் என்னைப் பிடித்துக் கீழே உட்கார வைத்து உச்சியில் எண்ணெய் ஊற்றித் தேய்ப்பாள். நேரத்தை மிச்சம் பிடிக்க, நான் அப்போது மடியில் துணிகளைப் பரப்பி மடித்து மடித்துக் கவரில் போடுவேன். மூன்றாம் வருஷம் அவள் லீவு வெள்ளிக்கு மாறியதிலிருந்து நடப்பது இது.

"ஏட்டி, ஆடாம இருக்கியா? மண்டையா இது, பொட்டக்காடு. எம்புட்டு ஊத்துனாலும் குடிக்கு."

நெற்றியில் வழிந்த எண்ணெயைப் புறங்கையால் துடைத்தேன். துடைத்த கையால் அடுத்த துணியை எடுத்தேன். துணியில் கண்ணாடி மாதிரி ஒரு சின்ன வட்டம் விழுந்தது. அப்படியே பார்த்துக்கொண்டு இருந்தேன்.

பிறகு எழுந்து ஓடினேன். பாத்ரூம் வாளியில் அந்தத் துணியைப் போட்டேன். மிதந்தது. முந்தின நாள் சாயங்காலம் மடித்து வைத்திருந்த ஒன்றை எடுத்துப் போட்டேன். போட்ட வேகத்தில் அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

அம்மா சீப்போடு வாசலில் நின்றாள். "என்னட்டி, வாளியில கட்டுத்துணிய மெதக்க விட்டுட்டு அழுத?"

அன்றைக்குக் காலேஜில் இறங்கியதும் நேராக மேடம் ரூமுக்குப் போனேன். ஃபைல்களுக்கு நடுவில் தலை மட்டும் தெரிந்தது, வறண்ட தலை.

"மேம், அந்த வெள்ளிக்கிழமை சாம்பிள். அது நீங்க இல்ல மேம். என் கை. எங்கம்மா எண்ணெய் வைக்கும்போது மடிச்சேன் மேம்."

மேடம் பேனாவை மூடினார். "டெஸ்ட் பண்ணிப் பாத்தியா?"

"பாத்தேன் மேம்."

"இப்பமாச்சும் பாத்தியே. மெயில்ல போடு."

"மேம், ஸாரி மேம்."

"மீட்டிங்ல சொன்னத ரூம்ல வந்து திருப்பி எடுக்க முடியாதும்மா. கிளாஸ் இருக்கு எனக்கு." எழுந்து போய்விட்டார்.

சரி, மீட்டிங்கில் சொன்னதை மீட்டிங்கிலேயே எடுத்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். கையுறை போட்டு மூன்று மாத வெள்ளிக்கிழமைகளைத் திரும்பச் செய்தேன். பீரோ சாவிக்கு ஆபீசில் நான் போட்ட ஆட்டம் தனிக் கதை. அம்மாவிடம் வெள்ளிக்கிழமை எண்ணெய் வேண்டாம் என்றபோது, "பொறவு எனக்கு லீவு எதுக்குட்டி?" என்றாள். அதனால் வியாழக்கிழமை சாயங்காலமே துணியை மடித்து வைத்துவிட்டு, மறுநாள் மண்டையை அவளிடம் கொடுத்தேன். மீட்டிங்குக்கு முன் மேடத்திடமிருந்து ஒரு வரி மெயில்: சாம்பிள் கையாண்டதில் பிழை, திருத்தப்பட்டது. அவ்வளவு மட்டும் சொல்லவும்.

நான் அவ்வளவு மட்டும் சொல்கிற ஆளா? வெளியூர் சார் முன்னால் நின்று, "சார், போன தடவை ஒண்ணு தப்பாச் சொல்லிட்டேன். அந்த எண்ணெய் மேம் எண்ணெய் இல்ல சார், என்னோடது" என்றேன்.

சார் புருவத்தைச் சுருக்கினார். "எந்த எண்ணெய்ம்மா?"

மறந்துவிட்டிருந்தார். பக்கத்து டிபார்ட்மென்ட் சாரும் மறந்துவிட்டிருந்தார். அரை வருஷமாக அந்த ரூமில் நடந்ததை நினைத்துக்கொண்டிருந்தது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

பிறகு அவர் முகம் மலர்ந்தது. "ஓ! அந்த ஷாம்பு மேட்டரா!" மறுபடியும் அதே சிரிப்பு. "அப்ப கைடு, ஸ்காலர் ரெண்டு பேருமே எண்ணெய்ச் செக்குதானா?"

எடுக்கப் போய் இன்னொரு தடவை போட்டுவிட்டேன். மேடத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"சார்" என்றார் மேடம். குரல் உயரவில்லை. "பிள்ள மூணு மாசம் கையுறை போட்டுத் திருப்பிச் செஞ்சிருக்கா. அதைப் பாப்போமா?"

சிரிப்பு நின்றது. சார் கிராஃபைப் பார்த்தார். வெள்ளிக்கிழமையும் மற்ற நாள்களோடு ஒரே கோட்டில் நின்றது. "குட். ப்ரொசீட்" என்றார். மேடம் மினிட்ஸில் எழுதி, கையெழுத்துப் போட்டு, பேப்பரை என் பக்கம் தள்ளினார். தள்ளியபோது என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, பஸ்ஸில் வழக்கம்போல ஜன்னலோரம் பையை வைத்திருந்தேன். பிள்ள என்று சொன்னாரே. அந்த ஒரு வார்த்தையை நம்பி, பையை ஓரமாக, சட்டென்று எடுக்க வசதியாக வைத்திருந்தேன்.

பெட்ரோல் பங்க் ஸ்டாப். மேடம் ஏறினார். வெள்ளிக்கிழமைதான், ஆனால் பூ இல்லை. பறந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டே வந்து என் சீட் பக்கத்தில் நின்றார். நான் பையின் காதைப் பிடித்துக்கொண்டேன்.

"பைய எடும்மா" என்றார்.

எடுத்தேன்.

மேடம் பின்னால் திரும்பினார். காலேஜில் கூட்டிப் பெருக்கும் அக்கா ஒருவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "நீங்க வந்து உக்காருங்கக்கா. எதுக்குக் கால் கடுக்க நிக்கீங்க?" பிறகு என்னிடம், "இனிம இதுல சீட்டுப் போடாத. ஆள் நிக்காங்கள்ல" என்றார். திட்டும் தொனிகூட இல்லை. மூன்றாவது வரிசைக்குப் போய்விட்டார்.

அக்கா தயங்கித் தயங்கி ஜன்னலோரம் உட்கார்ந்தார். தலையில் பளபளவென்று எண்ணெய், ஒரு முழம் கனகாம்பரம். ஊர் எல்லை தாண்டும் முன்னே தூங்கி, தலை என் தோளில் சாய்ந்தது. சாம்பிள் கவரை மறுபக்கம் மாற்றி வைத்துக்கொண்டேன். தோளை எடுக்கவில்லை. கேட் வரும்வரை கண்ணாடியைப் பையிலிருந்து எடுக்கவும் இல்லை.

லேபைத் திறந்து, கையுறை போட்டு, தொட்டியில் தண்ணீர் மாற்றி, வெள்ளிக்கிழமைத் துணியைப் போட்டேன்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

மூழ்கிவிட்டது. பக்கத்துச் சீட்டில் சொல்வது போலத் திரும்பிப் பார்த்தேன், பழக்கதோஷம். பிறகு உட்கார்ந்து மெயிலில் எழுதினேன்: மேம், இன்றைய சாம்பிள், மூன்று விநாடி. அனுப்பிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தேன்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது. நோட்டட்.